கூலியும் மனமும்: பணிமுனைப்பு பற்றிய ஆய்வுகளை மைசூருவிலிருந்து நோக்குதல்

வேலையில் இருப்பவரை மனம் ஒன்றி உழைக்கச் செய்வது எது என்னும் கேள்வி, தொழிற்சாலை என்ற அமைப்பு தோன்றிய நாள்முதல் முதலாளிகளையும் அதிகாரிகளையும் ஆய்வாளர்களையும் விடாமல் தொடர்ந்து வருகிறது. கூலிதான் எல்லாம் என்று ஒரு தரப்பும், கூலியின் வலிமை ஓர் எல்லைவரைதான், அதற்குமேல் மனநிறைவே உழைப்பை நடத்துகிறது என்று மறுதரப்பும் மாறி மாறி வாதிட்டிருக்கின்றன. ஒருவர் தம் வேலையில் எவ்வளவு முயற்சியை, எந்தத் திசையில், எவ்வளவு காலம் தளராமல் செலுத்துகிறார் என்பதைத் தீர்மானிக்கும் உந்துதல்களின் தொகுப்பைப் பணிமுனைப்பு என்று கொண்டால், இந்த இரு தரப்பும் அதன் ஒவ்வொரு பாதியை மட்டுமே பிடித்துக்கொண்டு பேசின என்பது கடந்த இருபது ஆண்டுகளில், பெரிதும் இந்திய மண்ணில் நடந்த ஆய்வுகளால் தெளிவாகிவிட்டது. கூலி எவ்வளவு என்பதோடு, அது எப்போது கைக்கு வருகிறது, பக்கத்தில் இருப்பவருக்கு எவ்வளவு கிடைக்கிறது, அதன் விதிகளை யார் வகுத்தார்கள் என்பவையும் உழைப்பைத் தீர்மானிக்கின்றன. பிழைப்புக்குப் போதுமான கூலி உறுதியான பிறகு, தொகையைவிட இவையே மேலோங்கி நிற்கின்றன என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இக்கேள்வியை ஆராய மைசூரு பொருத்தமான களம். மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் 1912இல் தொடங்கிய பட்டு நெசவாலை, 1937இல் தொடங்கித் தேர்தல்களுக்கு அழியாத மை தயாரித்துவரும் பெயிண்ட் ஆலை, 1950இல் அமைந்த மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம், ஒரே நேரத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இளம் பொறியாளர்களுக்குப் பயிற்சி தரவல்ல இன்ஃபோசிஸ் வளாகம் ஆகியவை ஒருபுறம் நிற்க, ஆயிரம் குச்சிக்கு இவ்வளவு, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கில் வீட்டிலிருந்தே அகர்பத்தியும் பீடியும் சுற்றும் பெண்கள் மறுபுறம் இருக்கிறார்கள். நிரந்தர அரசு ஊழியம், போட்டித் தேர்வின் அடிப்படையிலான தனியார் ஊழியம், ஒப்பந்தம்கூட இல்லாத வீட்டு உழைப்பு ஆகிய மூன்றும் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் அடங்கியிருக்கும் இந்நகரில்தான், பணிமுனைப்பு பற்றிய பொருளியல் சிந்தனையைத் திருத்தி எழுதிய ஆய்வுகளுள் ஒன்றும் நடந்தது.

சுவடியில் இருந்த விடை

அந்த ஆய்வுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இதே கேள்விக்கு மிகப் பழைய விடை ஒன்று மைசூருவில் வெளிப்பட்டிருந்தது. 1891இல் நிறுவப்பட்ட மைசூர் அரசு கீழ்த்திசை நூலகத்துக்குத் தஞ்சாவூர் மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த கிரந்த எழுத்து ஓலைச்சுவடி, கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் என்பதை ருத்ரபட்டண சாமசாஸ்திரி 1905இல் கண்டறிந்து, 1909இல் மூலத்தையும் 1915இல் ஆங்கில மொழிபெயர்ப்பையும் வெளியிட்டார். அரசியல் சூழ்ச்சிக்குப் பெயர்போன அந்நூல், ஊழியர் நிர்வாகம் பற்றியும் வியக்கத்தக்க நுணுக்கத்தோடு பேசுகிறது. நூற்பு வேலையின் கண்காணிப்பாளரைப் பற்றிய பகுதியில், நூலின் மென்மையையும் பருமனையும் பார்த்துக் கூலி வகுக்க வேண்டும், அதிகம் நூற்றவர்களுக்கு எண்ணெயும் நெல்லிக்காய்ப் பண்டமும் பரிசளிக்க வேண்டும், விழா நாட்களில் வேலை வாங்கினால் தனியே வெகுமதி தர வேண்டும் என்றெல்லாம் விதிக்கப்பட்டுள்ளது. வீட்டைவிட்டு வெளியே வராத பெண்களுக்குப் பணிப்பெண்கள் மூலம் வேலையை அனுப்பிவைக்கும் ஏற்பாடும் அங்கே உண்டு. கூலியைப் பெற்றுக்கொண்டு வேலையைச் செய்யாதவர்களுக்குக் கொடிய உடல் தண்டனை கூறும் அதே பகுதி, கூலி தரக் காலம் தாழ்த்தும் அதிகாரிக்கும் அபராதம் விதிக்கிறது.

இந்த இறுதி விதி சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. நவீன மேலாண்மை நூல்கள் ஊக்கத்தொகையின் அளவைப் பற்றிப் பல அதிகாரங்கள் எழுதியபோதும், கூலி குறித்த நாளில் கிடைப்பதன் விளைவை அண்மைக்காலம் வரை பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. ஊழியர் தவறு செய்வார் என்ற ஐயத்தின் மீதே அர்த்தசாஸ்திரத்தின் ஊதிய அமைப்பு எழுப்பப்பட்டிருக்கிறது. ஆயினும் உயர்ந்த அதிகாரிக்கு ஆண்டுக்கு 48,000 பணம், கடைநிலை ஏவலருக்கு 60 பணம் என்று அது வகுத்துத் தரும் அட்டவணையின் அடிப்படை நோக்கம், வேறு வழியில் பொருள் தேட வேண்டிய தேவை ஊழியருக்கு எழாதவாறு பார்த்துக்கொள்வதே.

அமெரிக்க ஆலையில் பிறந்த கோட்பாடுகள்

இன்று உலகெங்கும் மேலாண்மைப் படிப்புகளில் கற்பிக்கப்படும் பணிமுனைப்புக் கோட்பாடுகளில் பெரும்பாலானவை 1911க்கும் 1985க்கும் இடையில் அமெரிக்காவில் உருவானவை. பிரெடரிக் டெய்லர் 1911இல் வெளியிட்ட அறிவியல் மேலாண்மை பற்றிய நூலில், பெத்லஹேம் எஃகு ஆலையில் நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் இரும்புப் பாளம் சுமந்த தொழிலாளி ஒருவரை நாற்பத்தேழரை டன் சுமக்கவைத்த கதையைப் பெருமையோடு கூறுகிறார். அதற்காக அவருடைய கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்ந்தது. உழைப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகக் கூலி அறுபது விழுக்காடு மட்டுமே உயர்ந்ததைத் தொழிற்சங்கங்கள் அப்போதே சுட்டிக்காட்டின. அக்கதையின் விவரங்கள் மிகைப்படுத்தப்பட்டவை என்பதைப் பிற்கால வரலாற்றாய்வாளர்கள் காட்டியுள்ளனர். இருந்தபோதிலும், வேலையைச் சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நேரம் அளந்து, அளவுக்கேற்பக் கூலி கொடுக்கும் முறை அவர் பெயராலேயே நிலைத்துவிட்டது.

டெய்லருக்கு மறுப்பாகக் காட்டப்படுவது, சிகாகோவுக்கு அருகில் இருந்த ஹாத்தார்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுத்தொடர். வெளிச்சத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி உயர்ந்தது, ஆகவே தம்மீது செலுத்தப்படும் அக்கறையே தொழிலாளர்களை ஊக்குவித்தது என்று அதன் முடிவு பாடநூல்களில் எழுதப்பட்டது. ஸ்டீவன் லெவிட்டும் ஜான் லிஸ்ட்டும் வெளிச்சச் சோதனையின் மூலத் தரவுகளைத் தேடியெடுத்து 2011இல் மறுபகுப்பாய்வு செய்தபோது, புகழ்பெற்ற அந்தப் போக்கு அத்தரவுகளில் அவ்வாறு தென்படவில்லை. ஐந்து பெண்கள் வேலை செய்த அடுத்த கட்டச் சோதனை அறையில், அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று இருவர் இடையிலேயே மாற்றப்பட்டதும், அச்சிறு குழுவுக்கென்று தனி ஊக்கக்கூலி முறை வகுக்கப்பட்டிருந்ததும் பாடநூல்களில் அடிக்குறிப்பாகக்கூட இடம்பெறுவதில்லை. அன்பான கவனிப்பின் வெற்றி என்று போற்றப்படும் ஆய்வுக்குள்ளேயே பணமும் ஆள்நீக்கமும் வேலை செய்திருக்கின்றன.

ஆபிரகாம் மாஸ்லோ 1943இல் கூறிய தேவைகளின் படிநிலையை, அதாவது பசி, பாதுகாப்பு, உறவு, மதிப்பு, தன்னிறைவு என்ற வரிசையில் கீழுள்ளது ஓரளவு நிறைவேறிய பிறகே மேலுள்ளது வலுப்பெறும் என்ற கருத்தை, அறியாத மாணவர் இல்லை. அதைப் பிரமிடாக வரைந்தவர் மாஸ்லோ அல்லர். பின்னாளில் மேலாண்மை ஆலோசகர்கள் வரைந்தது அது. பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959இல், பிட்ஸ்பர்க் வட்டாரத்துப் பொறியாளர்கள், கணக்காளர்கள் 203 பேரிடம் எடுத்த நேர்காணல்களைக் கொண்டு, ஊதியம், மேற்பார்வை, பணிச்சூழல் முதலியவை குறைந்தால் அதிருப்தி வரும், கூடினால் ஊக்கம் வந்துவிடாது என்றும், சாதனை, அங்கீகாரம், பொறுப்பு ஆகியவையே உண்மையான ஊக்கிகள் என்றும் வகுத்தார். மாதச் சம்பளம் உறுதியான நடுத்தர வகுப்பு ஆண்களின் சொற்களிலிருந்து பிறந்த இந்தப் பகுப்பு, அடுத்த வாரம் வேலை இருக்குமா என்று தெரியாதவரின் உலகத்துக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை. இவற்றைவிட உறுதியாக நிற்பவை இரண்டு. தம் உழைப்புக்கும் ஊதியத்துக்கும் உள்ள விகிதத்தை மற்றவருடைய விகிதத்தோடு ஒப்பிட்டே மனிதர் முயற்சியைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறார் என்ற ஸ்டேசி ஆடம்ஸின் சமன்மைக் கோட்பாடு ஒன்று. தானே விரும்பிச் செய்யும் செயலுக்குப் புறப்பரிசு கொடுத்தால் அந்த விருப்பமே தேயக்கூடும் என்று 1971இல் சோதனை வழியே காட்டிய எட்வர்ட் டெசி, பின்னர் ரிச்சர்ட் ரயனோடு சேர்ந்து வளர்த்த தன்தீர்மானக் கோட்பாடு மற்றொன்று.

இந்தியாவில் நடந்த முதல் சோதனைகள்

இக்கோட்பாடுகளை இந்தியா வாங்கிக் கற்றது மட்டுமே நடந்தது என்று கருதுவது தவறு. மைசூர் பல்கலைக்கழகம் 1924இலேயே உளவியல் துறையைத் தொடங்கிவிட்டது. லண்டனில் பயின்று வந்து அதை நடத்திய எம். வி. கோபாலசுவாமி, பின்னர் 1935இல் தம் வீட்டிலேயே வானொலி நிலையம் ஒன்றை அமைத்து 'ஆகாசவாணி' என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர். அரசுப் பணியின் திறனை அளக்கும் முயற்சியும் இங்கே பழையது. 1912 முதல் 1918 வரை திவானாக இருந்த விசுவேசுவரய்யா அலுவலகங்களின் திறனைத் தணிக்கை செய்ய முனைந்தார். அதே மைசூர் அரசில், பதவிகள் ஒரே சமூகத்தாரிடம் குவிந்திருப்பதை ஆராய 1918இல் மில்லர் குழு அமைக்கப்பட்டபோது, அக்கொள்கையோடு உடன்படாமல் அவர் பதவி விலகினார். திறனுக்கும் நியாயமான பங்கீட்டுக்கும் இடையிலான இந்த மோதல், பணிமுனைப்பு ஆய்வுகளில் சமன்மை என்ற பெயரில் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகே இடம்பிடித்தது.

விடுதலைக்குப் பிந்தைய சோதனைகளுள் முதன்மையானது அகமதாபாத்தில் நடந்தது. லண்டனின் டேவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ், 1953இல் காலிகோ ஆலையின் தானியங்கித் தறிக்கூடத்தில், பன்னிரண்டு தனித்தனிப் பணிகளாகச் சிதறிக்கிடந்த வேலையைச் சிறு குழுக்களின் கூட்டுப்பொறுப்பாக மாற்றிப் பார்த்தார். குறிப்பிட்ட தறிகளுக்கு ஒரு குழு முழுப்பொறுப்பு ஏற்பது என்ற கருத்து முன்வைக்கப்பட்டவுடன், யார் யாரோடு சேர்வது என்பதைத் தொழிலாளர்களே முடிவு செய்துகொண்டனர். உற்பத்தி உயர்ந்தது, பழுதான துணியின் அளவு குறைந்தது. இச்சோதனையின் மதிப்பை முழுதாக உணர்த்துவது அதன் பிற்கால வரலாறு. 1970இல் எரிக் மில்லர் என்னும் ஆய்வாளர் அங்கே திரும்பிச் சென்று பார்த்தபோது, ஒரு தறிக்கூடத்தில் குழுமுறை ஏறத்தாழ அப்படியே நீடித்திருந்தது. சந்தையின் நெருக்கடிகளும் துணிவகை மாற்றங்களும் அழுத்திய பிற கூடங்களில் அது பழைய முறைக்கே சரிந்துவிட்டிருந்தது. பணிமுனைப்பு ஊழியரின் மனத்துக்குள் மட்டும் உறைவதன்று என்பதற்கும், ஆலைக்கு வெளியே நிகழ்பவை ஆலைக்குள் கட்டியதைக் கலைத்துவிடும் என்பதற்கும் இதைவிடத் தெளிவான சான்று அரிது.

டேவிட் மெக்லெலண்ட் 1960களின் நடுவில் ஆந்திரத்தின் காக்கிநாடாவைச் சேர்ந்த சிறுதொழில் முனைவோருக்கு ஐதராபாத்தில் அளித்த சாதனை வேட்கைப் பயிற்சி வேறு வகை. பயிற்சி பெற்றவர்கள் பின்னர் அதிகம் முதலீடு செய்தனர், புதிய வேலைகளை உருவாக்கினர் என்று அவரும் டேவிட் வின்ட்டரும் 1969இல் எழுதினர். ஆனால் சாதனை வேட்கை பெருகிய ஊழியருக்குச் சாதிப்பதற்கு இடமே தராத நிறுவனத்தில் என்ன நடக்கும் என்பதற்கு அந்தத் திட்டத்தில் விடை இல்லை. பட்னாவில் ஜே. பி. பி. சின்ஹா 1980இல் முன்வைத்த கருத்து இந்த இடைவெளியைத் தொட்டது. இந்திய ஊழியர் அன்போடு அரவணைத்து, அதே சமயம் வேலையைக் கண்டிப்போடு கேட்கும் தலைவரிடமே முதலில் நன்றாக இயங்குகிறார், தன்னம்பிக்கை வளர வளரப் பங்கேற்பு முறைக்கு நகர்கிறார் என்றார் அவர். பல அலுவலகங்களில் இக்கருத்தின் முன்பாதி மட்டும் நிலைத்து, பின்பாதி வசதியாக மறக்கப்பட்டுவிட்டது.

மைசூருவின் தரவுப் பதிவாளர்கள்

பொருளியலில் நெடுங்காலம் கோலோச்சியது முகவர் கோட்பாடு. நிறுவனம் அதிக உழைப்பை விரும்புகிறது, ஊழியர் குறைந்த உழைப்பை விரும்புகிறார், உழைப்பை முழுதாகக் கண்காணிக்க இயலாததால் விளைவுக்கேற்ற கூலி என்ற கயிற்றால் இருவர் நலனையும் கட்ட வேண்டும் என்பது அதன் சாரம். சுப்ரீத் கௌர், பின்னாளில் 2019இல் நோபல் பரிசு பெற்ற மைக்கேல் கிரெமர், செந்தில் முல்லைநாதன் ஆகிய மூவரும் மைசூருவில் முழுநேரத் தரவுப் பதிவாளர்களைக் கொண்டு பதின்மூன்று மாதங்கள் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு, இந்த அடிப்படையையே கேள்விக்குள்ளாக்கியது. ஊழியர் குறைவாக உழைக்கவே விரும்புகிறார் என்பது உண்மைதானா, அல்லது அதிகம் உழைக்க விரும்பியும் அந்த நேரம் வரும்போது மனம் நழுவிவிடுகிறதா என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி.

இங்குள்ள ஊழியர்கள், திருப்பூர் தையல் கூடங்களில் பீஸ் ரேட் என்று வழங்கும் எண்ணிக்கைக் கூலி முறையில், பிழையின்றிப் பதிந்த ஒவ்வொரு விவரத்துக்கும் இவ்வளவு என்று பெற்றுவந்தனர். ஆய்வாளர்கள் அவர்களுக்கு விசித்திரமான ஒரு தேர்வை அளித்தனர். விரும்பினால் நாளுக்கான இலக்கு ஒன்றை ஊழியரே குறித்துக்கொள்ளலாம்; எட்டினால் வழக்கமான கூலி கிடைக்கும், எட்டாவிட்டால் அன்று பதிந்ததற்குப் பாதிக் கூலிதான். இலக்கை எட்டினாலும் ஒரு பைசா கூடுதலாகக் கிடைக்காது. இழப்பதற்கு வாய்ப்பும் பெறுவதற்கு ஒன்றுமின்மையும் கொண்ட இத்தகைய ஒப்பந்தத்தைக் கணக்குத் தெரிந்த எவரும் தேர்ந்தெடுக்கமாட்டார் என்பதே மரபான பொருளியலின் எதிர்பார்ப்பு. ஆனால் வாய்ப்பு அளிக்கப்பட்ட தருணங்களில் 36 விழுக்காட்டில் ஊழியர்கள் இலக்கைக் குறித்துக்கொண்டனர். ஒப்பந்தத் தேர்வு அளிக்கப்பட்டதாலேயே சராசரி உற்பத்தி ஏறத்தாழ 2 விழுக்காடு உயர்ந்தது. கூலி விகிதத்தைக் கூட்டி இதே உயர்வைப் பெற நிறுவனம் கணிசமாகச் செலவிட வேண்டியிருந்திருக்கும்.

ஆய்வின் மற்றொரு கூறு சம்பள நாள் பற்றியது. ஊழியர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, வாரத்தின் வெவ்வேறு நாட்களில் சம்பளம் தரப்பட்டது. கூலி விகிதம் எல்லா நாளும் ஒன்றே. திங்களன்று பதிந்த விவரத்துக்கும் வெள்ளியன்று பதிந்ததற்கும் வேறுபாடு இல்லை. இருந்தும் தத்தம் சம்பள நாள் நெருங்க நெருங்க உழைப்பு கூடி, சம்பள வாரத்தின் தொடக்கத்தைவிட அந்நாளில் உற்பத்தி சுமார் 8 விழுக்காடு உயர்ந்து காணப்பட்டது. சம்பள நாளால் அதிகம் அசைக்கப்பட்டவர்களே இலக்கு ஒப்பந்தத்தையும் அதிகம் நாடினர் என்பதும், அனுபவம் கூடக்கூட இத்தொடர்பு வலுத்தது என்பதும் இவ்வாய்வின் மிக நுட்பமான கண்டுபிடிப்புகள். அதாவது ஊழியர்கள் தம் தளர்ச்சியை நாளடைவில் தாமே கண்டறிந்து, அதற்கு ஒரு கடிவாளத்தைத் தாமே கேட்டு வாங்கிக்கொண்டனர்.

இந்த முடிவைத் தவறாகப் படிக்கும் ஆபத்து பெரிது. ஊழியர் தண்டனையை விரும்புகிறார், ஆகவே பிடித்தங்களைக் கூட்டலாம் என்று ஒரு மேலாளர் வாதிட முற்பட்டால், அவர் ஆய்வின் நடுநாயகத்தையே விட்டுவிட்டார் என்று பொருள். இலக்கை ஊழியரே குறித்தார். வேண்டாம் என்று சொல்லும் உரிமை ஒவ்வொரு முறையும் அவரிடமே இருந்தது. பெரும்பான்மைத் தருணங்களில் வேண்டாம் என்றே சொல்லப்பட்டது. மேலிருந்து திணிக்கப்படும் தினசரி இலக்குக்கும் இதற்கும் புறத்தோற்றத்தில் ஒற்றுமை இருந்தாலும் உளவியலில் உறவே இல்லை. தன்தீர்மானக் கோட்பாட்டினர் சோதனைக்கூடத்தில் கூறியதும் பொருளியலார் மைசூரு அலுவலகத்தில் கண்டதும் இந்த ஒரு புள்ளியில் வந்து சேர்கின்றன.

அளவு, ஒப்பீடு, கண்காணிப்பு

கூலியைக் கூட்டிக்கொண்டே போனால் உழைப்பும் கூடிக்கொண்டே போகுமா என்பதற்கு விடை தேடிய சோதனை ஒன்று மதுரைப் பகுதிக் கிராமத்து மக்களிடையே நடந்தது. டான் ஏரியலி முதலானோர் 2009இல் வெளியிட்ட அதில், நினைவாற்றல், கைத்திறன், படைப்புத்திறன் ஆகியவற்றைச் சோதிக்கும் ஆறு விளையாட்டுகளுக்கு, ஒரு பிரிவினருக்கு அதிகபட்சம் 4 ரூபாய், மற்றொரு பிரிவினருக்கு 40, மூன்றாம் பிரிவினருக்கு 400 என்று ஆட்டமொன்றுக்குப் பரிசு வைக்கப்பட்டது. எல்லாவற்றிலும் வென்றால் பல மாதச் செலவுக்கு ஈடான தொகையைப் பெறக்கூடிய மூன்றாம் பிரிவினரே மிக மோசமாக ஆடினர். பெரும்பணம் முயற்சியைக் கூட்டியிருக்கலாம். கையை நடுங்கவும் வைத்தது. மூளையாலோ நுண்திறனாலோ ஆகும் வேலைக்கும் மூட்டை சுமக்கும் வேலைக்கும் ஒரே ஊக்கக்கூலிச் சூத்திரம் செல்லாது.

ஒப்பீட்டின் வலிமையை ஒடிசாவில் எமிலி பிரீசா, சுப்ரீத் கௌர், யோகிதா ஷம்தசானி ஆகியோர் கயிறு, துடைப்பம் போன்ற பொருள்களைச் செய்யும் 378 தொழிலாளர்களிடம் அளந்து 2018இல் வெளியிட்டனர். மூவர் கொண்ட குழுக்களில் சிலவற்றில் அனைவருக்கும் ஒரே நாட்கூலியும், சிலவற்றில் திறனுக்கேற்ற வெவ்வேறு கூலியும் தரப்பட்டன. தன் கூலி அதே அளவாக இருந்தபோதும், பக்கத்தில் இருப்பவர் அதிகம் பெறுவதை அறிந்தவரின் உற்பத்தி குறைந்தது. வேலைக்கு வருவதே 18 விழுக்காட்டுப் புள்ளிகள் சரிந்தது. வராத நாளுக்குக் கூலி இல்லை என்ற நிலையிலும் ஏழைத் தொழிலாளர்கள் மனக்கசப்பால் கூலியைத் துறந்தார்கள் என்பதை, பசி தீர்ந்த பிறகே மதிப்பு பற்றிய எண்ணம் எழும் என்று நம்புவோர் எண்ணிப்பார்க்க வேண்டும். அதே சமயம் ஒருவர் அதிகம் செய்கிறார் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெளிவாகத் தெரிந்த வேலைகளில் இந்தக் கசப்பு தோன்றவில்லை. வேறுபாட்டை மக்கள் பொறுக்கிறார்கள்; காரணம் தெரியாத வேறுபாட்டைத்தான் பொறுப்பதில்லை. மதிப்பெண்ணின் அடிப்படையையே வெளியிடாத ஆண்டு மதிப்பீடுகள் மென்பொருள் நிறுவனங்களில் ஏன் ஆண்டுதோறும் குமுறலை உண்டாக்குகின்றன என்பதற்கு இதில் விளக்கம் இருக்கிறது. குறிப்பிட்ட விகிதத்தினரைக் கட்டாயமாகக் கடைநிலையில் வைக்கும் வரிசைமுறையை மைக்ரோசாஃப்ட் 2013இல் கைவிட்டது.

கண்காணிப்பு பற்றிய சான்று கர்நாடகத்திலிருந்தே கிடைக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் கைரேகைக் கருவி வைத்து வருகையைப் பதிவு செய்த மாநில அரசின் திட்டத்தை இக்பால் தலிவாலும் ரெமா ஹன்னாவும் ஆராய்ந்தனர். மருத்துவப் பணியாளர்களின் வருகை மொத்தத்தில் 15 விழுக்காடு கூடியது, குறைந்த எடையோடு குழந்தை பிறப்பது கணிசமாகக் குறைந்தது. ஆனால் அந்த உயர்வு செவிலியர் முதலான கீழ்நிலைப் பணியாளர்களால் வந்ததேயன்றி மருத்துவர்களால் வரவில்லை. பணியாளர்களின் மனநிறைவு குறைந்தது. திரட்டிய பதிவைக் கொண்டு தண்டிக்கவோ விடுப்பைக் கழிக்கவோ அரசும் முழுமனதோடு முனையவில்லை. கருவி உடலைக் கொண்டுவந்து நிறுத்தும், அதிகாரத்தின் ஏணியில் மேலே இருப்பவரை அதுவும் நிறுத்தாது.

ஊழியரின் உடலும் கடன்சுமையும்கூட இந்தக் கணக்கில் சேர வேண்டியவை. ஒடிசாவில் இலைத்தட்டு தைக்கும் தொழிலாளர்களுக்குக் கூலியின் ஒரு பகுதியைச் சில நாள் முன்னதாகக் கொடுத்தபோதே, மொத்தத் தொகை மாறாமல், உற்பத்தி உயர்ந்து பிழைகள் குறைந்தன. சென்னையில் தரவுப் பதிவு வேலைக்கு அமர்த்தப்பட்ட 452 பேரிடம் நடந்த ஆய்வில் இரவுத் தூக்கத்தைக் கூட்டியது பயன் தரவில்லை, மதியம் வேலையிடத்தில் அளித்த சிறு தூக்கம் பயன் தந்தது. மதிய உறக்கத்தைச் சோம்பலின் அடையாளமாகக் கருதும் மேலாளர்களுக்கு இது சங்கடமான செய்தி.

மைசூரு இன்று

இந்தச் சான்றுகளோடு நகரைத் திரும்பிப் பார்க்கையில் சில முரண்கள் துலங்குகின்றன. தசராவுக்கோ தீபாவளிக்கோ கைக்கு வரும் போனஸ் ஊக்கத்தொகையாகப் பேசப்பட்டாலும், 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் குறைந்தபட்சம் 8.33 விழுக்காடு, அதிகபட்சம் 20 விழுக்காடு என்று வரையறுக்கப்பட்ட பிறகு, தொழிலாளர் அதைத் தமக்குச் சேரவேண்டிய, தள்ளிவைக்கப்பட்ட சம்பளமாகவே கருதி வந்துள்ளனர். அது கூடுதல் உழைப்பைத் தூண்டாது, தவறினால் மட்டும் போராட்டத்தைத் தூண்டும். தூய்மை நகரங்களின் தேசியப் பட்டியலில் 2015இலும் 2016இலும் மைசூரு முதலிடம் பெற்றபோது, அந்தப் பெருமை பௌரகார்மிகர் எனப்படும் துப்புரவுப் பணியாளர்களின் உழைப்பால் விளைந்தது. ஆனால் ஒப்பந்த முறையில் வைக்கப்பட்ட அப்பணியாளர்கள் பணிநிரந்தரம் கேட்டு 2022 ஜூலையில் கர்நாடகம் முழுவதும் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. அங்கீகாரம் ஊக்கியாகும் என்ற ஹெர்ஸ்பெர்க்கின் கூற்று, விருது ஒருவருக்கும் குப்பை வண்டி மற்றொருவருக்கும் என்று பிரிந்துபோன இடத்தில் செயலற்றுப்போகிறது.

இன்ஃபோசிஸ் பயிற்சி வளாகத்தில், உள்மதிப்பீட்டுத் தேர்வில் மூன்று வாய்ப்புகளிலும் தேறாத முந்நூறுக்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் 2025 பிப்ரவரியில் நீக்கப்பட்டது நாடெங்கும் விவாதிக்கப்பட்டது. விதி முன்பே அறிவிக்கப்பட்டதுதான் என்று நிறுவனம் கூறியது. வேலைக் கடிதம் பெற்றும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து சேர்ந்தவர்கள் பலர் அவர்களுள் இருந்தனர். இழப்பின் அச்சம் உழைப்பைத் தூண்டும் என்பது உண்மையே. அதே அச்சம் ஓர் எல்லையைத் தாண்டினால் திறனைக் குலைக்கும் என்பது மதுரைச் சோதனையின் பாடம். தரவுப் பதிவாளர் தாமே குறித்துக்கொண்ட இலக்குக்கும் பயிற்சியாளருக்கு முன்வைக்கப்பட்ட தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள தொலைவை, ஒரே நகருக்குள் இருந்தும், எவரும் இன்னும் முறையாக அளந்ததாகத் தெரியவில்லை.

இவர்கள் எல்லோரையும்விட ஆய்வுக்கு வெளியே நிற்பவர்கள் அகர்பத்தியும் பீடியும் சுற்றும் பெண்கள். அவர்களுக்கு மேற்பார்வையாளர் இல்லை, பதவி உயர்வு இல்லை, சக ஊழியரின் கூலியை ஒப்பிட்டுப் பார்க்கும் கூடமும் இல்லை. சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் இடையே கிடைக்கும் நேரத்தில் சுற்றியதை, முகவர் எண்ணிப் பார்த்து, தரமில்லை என்று ஒரு பகுதியைக் கழித்துவிட்டு மீதிக்குக் கூலி தருகிறார். பீடித் தொழிலாளர்களுக்கென 1966இல் தனிச் சட்டம் வந்தும், கழிக்கப்படும் பீடியைப் பற்றிய சண்டை ஓயவில்லை. கழிவின் காரணத்தை அவர்கள் கண்முன் காட்டுவது, கூலி நாளை அவர்களே தேர்ந்தெடுக்க விடுவது, கூலியின் ஒரு பகுதியை முன்பணமாக வாரத் தொடக்கத்தில் தருவது ஆகிய மூன்றும் அதிகச் செலவில்லாமல் சோதித்துப் பார்க்கத்தக்கவை. மைசூர் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறை 2024இல் நூறாண்டை நிறைவு செய்துவிட்டது. அடுத்த ஆய்வை அது வளாகத்திலிருந்து அகர்பத்தி சுற்றும் தெருக்களுக்குக் கொண்டுசெல்ல வேண்டும், அதன் முடிவுகளை அப்பெண்களுக்குக் கன்னடத்திலும் உருதுவிலும் தமிழிலும் முதலில் படித்துக் காட்ட வேண்டும்.